நான்கு குடும்பங்களும் 26 மரணங்களும்: லங்காஸ்டர் ஆமிஷ் ஆய்வு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லங்காஸ்டர் என்றொரு மாவட்டம். அங்கே பழைய முறை ஆமிஷ் என்ற கிறிஸ்தவ விவசாயச் சமூகம் வாழ்கிறது. 1880 முதல் 1980 வரையான நூறு ஆண்டுகளில் இந்தச் சமூகத்தில் 26 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் நான்கே நான்கு வம்சாவளிகளைச் சேர்ந்தவர்கள். ஜானிஸ் எகலாண்ட், ஜேம்ஸ் சசெக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1985-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள்.

மனச்சோர்வும் தற்கொலையும் பரம்பரையாக வருமா என்ற பேச்சு வந்தாலே யாராவது இந்த ஆய்வை எடுத்துச் சொல்வார்கள். பெரும்பாலும் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நான்கு குடும்பம், எல்லாம் ரத்தத்தில் ஓடுகிறது என்பது முதல் பாதி. அந்த ஆய்வுக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் முக்கியமானது. அப்பாவையோ அக்காவையோ இப்படி இழந்துவிட்டு, 'அடுத்தது நானா, என் பிள்ளையா' என்ற பயத்தை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு ஆய்வு முழுசாகத் தெரிய வேண்டும்.

ஏன் ஆமிஷ்?

இவர்கள் 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சில பத்துத் தம்பதிகளின் சந்ததி. வெளியிலிருந்து ஒருவர் வந்து சேர்வது அபூர்வம், கல்யாணமெல்லாம் உள்ளுக்குள்ளேயே. குடும்பங்கள் பெரியவை. யார் யாருக்குப் பிறந்தார், எங்கே கட்டிக் கொடுத்தார்கள், எப்போது இறந்தார் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாக எழுதி, வம்ச வரலாறாக அச்சிட்டே வைத்திருக்கிறார்கள். பரம்பரையை ஆராய்கிறவருக்கு இப்படி ஓர் ஆவணம் லேசில் கிடைக்காது.

அப்புறம் வாழ்க்கை முறை. குதிரை வண்டி, வயல், வழிபாடு. மது, போதைப்பொருள், விவாகரத்து, வன்முறை எல்லாம் மிகக் குறைவு. வேலையில்லாமல் யாரும் இருப்பதில்லை. வயதானவர்கள் பிள்ளைகளின் வீட்டை ஒட்டிக் கட்டிய சிறு வீட்டில் இருப்பார்கள். ஒருவருடைய களஞ்சியம் எரிந்துபோனால் ஊரே கூடி மறுபடியும் கட்டிக் கொடுக்கும். கடன், குடி, தனிமை, குடும்பச் சிதைவு என்று தற்கொலைக்குக் காரணமாக நாம் வழக்கமாக அடுக்குபவை அங்கே அதிகம் கிடையாது. அதோடு, தற்கொலையை அவர்கள் சமயம் பெரும் பாவமாகக் கருதுகிறது. அமெரிக்காவின் பொது விகிதத்தோடு பார்த்தால் அவர்களிடையே தற்கொலை குறைவுதான். அப்படிப்பட்ட இடத்திலும் அது நடக்கிறது என்றால் மிச்சம் இருக்கும் காரணம் என்ன என்பதுதான் எகலாண்டின் கேள்வி.

எகலாண்ட் மருத்துவர் அல்ல, மருத்துவச் சமூகவியலாளர். ஆமிஷ் குடும்பங்களோடு அவருக்கு நெடுநாள் பழக்கம். 1976-இல் தொடங்கி, சுமார் 12,000 பேர் கொண்ட அந்தச் சமூகத்தில் மனநோய் கண்டவர்களை அவர் குழு தேடிப் பதிவு செய்தது. ஒவ்வொருவருக்கும் என்ன நோய் என்பதை முடிவு செய்தது தனியாக ஒரு மருத்துவக் குழு. வரையறுத்த அளவுகோல்களை வைத்துத்தான் அவர்கள் தீர்மானித்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. இருமுனை மனநோயில் மனம் சில காலம் அடியாழத்தில் கிடக்கும், சில காலம் அளவுக்கு மீறித் துள்ளும். துள்ளும் நாட்களில் நோயாளி பணத்தை வாரி இறைப்பார், வேகமாகக் கார் ஓட்டுவார் என்று பாடப்புத்தகம் சொல்லும். கார் ஓட்டாத, கடன் அட்டை தொடாத ஒருவரிடம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எகலாண்டின் குழு கவனித்து எழுதிய அடையாளங்கள் வேறு மாதிரி இருந்தன. குதிரையைத் தாறுமாறாக விரட்டி வண்டி ஓட்டுவது. சமயம் தடை செய்த இயந்திரங்களை வாங்குவது. பொதுத் தொலைபேசியில் ஓயாமல் பேசுவது. வயல் வேலை நெருக்கும் பருவத்தில் சுற்றுலாவுக்குத் திட்டம் போடுவது. மாடுகளிடம் முரட்டுத்தனமாக நடந்துகொள்வது. வெளியாள் பார்த்தால் இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது. அந்த ஊர்க்காரருக்குப் பார்த்ததும் தெரியும், ஆள் சரியில்லை என்று. இந்த வித்தியாசம் புரியாததால், இருமுனை மனநோய் இருந்த பலருக்கு முன்பு மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்று எழுதி வைத்திருந்தார்கள்.

வேறொன்றும் தெரிந்தது. பெரும்பாலான நாடுகளில் பெண்களுக்கு மனச்சோர்வு ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பதிவாகும். ஆமிஷ் மக்களிடம் ஆண்களும் பெண்களும் சமம். மதுவுக்குப் பின்னால் ஒளிய வழியில்லாததால் ஆணின் மனச்சோர்வு அங்கே மனச்சோர்வாகவே கண்ணில் பட்டது என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். 'நல்ல மனுஷன், குடிச்சே அழிஞ்சான்' என்று நம் ஊரில் கதை முடித்த எத்தனையோ பேரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

26 பேரும் அவர்கள் உறவினரும்

சரி, அந்த 26 பேருக்கு வருவோம். 24 பேருக்குத் தீவிரமான மனநிலைக் கோளாறு இருந்தது. 12 பேருக்கு மனச்சோர்வு. எட்டுப் பேருக்கு இருமுனை மனநோயின் கடுமையான வகை. நான்கு பேருக்கு அதன் சற்றே மிதமான வகை. இன்னும் ஒருவருக்கு லேசான மனச்சோர்வு. அதாவது, நோய் ஏதும் இல்லாமல் இறந்தவர் என்று சொல்லத் தக்கவர் 26-இல் ஒருவர்தான்.

அடுத்து உறவினர்கள். கடுமையான இருமுனை நோயோடு இறந்த அந்த எட்டுப் பேரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்று எடுத்தால் 110 பேர். அவர்களுக்கு மனநிலைக் கோளாறு வரும் வாய்ப்பு 29 சதவீதம். பொது மக்களிடையே ஒன்று முதல் நான்கு சதவீதம். வித்தியாசம் பெரியது. ஆமிஷ் மக்களே இதை 'ரத்தத்திலேயே இருக்கிறது' என்றுதான் சொல்லி வந்தார்கள். ஆய்வாளர்கள் வருவதற்கு முன்பே ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த விஷயம் அது.

இதுவரை சொன்னது முதல் பாதி.

அதே லங்காஸ்டரில், அதே சமூகத்தில், மனநிலைக் கோளாறு இதே அளவுக்குப் பெருகியிருந்த வேறு வம்சாவளிகளும் இருந்தன. அங்கேயும் இருமுனை மனநோயாளிகள். அவர்களுடைய நெருங்கிய ரத்த உறவினர் 170 பேரைக் கணக்கெடுத்தால் நோய் வாய்ப்பு அங்கும் இருபது சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்தக் குடும்பங்களில் நூறு வருடத்தில் ஒரு தற்கொலைகூட இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நோய் பரம்பரையாக வந்தது. தலைமுறைக்குத் தலைமுறை வந்தது. மரணம் வரவில்லை. நோயின் பாரம் மட்டுமே ஒருவரைத் தற்கொலைக்குக் கொண்டுபோய் விடுவதில்லை என்பது அந்த ஆய்வுக்குள்ளேயே, அதே பக்கங்களிலேயே இருக்கிறது. நான்கு குடும்பம் என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவர்கள் இதை விட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படியானால் அந்த நான்கு குடும்பங்களில் கூடுதலாக இருந்தது என்ன? ஆமிஷ் ஆய்வு இதற்கு விடை தரவில்லை. வேறு இடங்களிலிருந்து விடையின் ஒரு பகுதி கிடைத்தது.

வீடு ஒன்று, ரத்தம் வேறு

குடும்பத்தில் கூட்டமாக வருவதாலேயே ஒன்று மரபணுவால் வருகிறது என்று ஆகிவிடாது. மொழியும் குடும்பத்தில்தான் வருகிறது. அப்பா தற்கொலையால் இறந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அப்பாவின் மரபணு மட்டுமா கிடைக்கிறது? துக்கம், வறுமை, ஊர்ப்பேச்சு, 'இப்படியும் ஒரு வழி உண்டு' என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், ஓரிடத்தில் பிறந்து வேறிடத்தில் வளர்ந்தவர்களைப் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கில் தத்துக் கொடுத்த குழந்தைகளின் பதிவேடு ஒழுங்காக இருந்தது. அதை வைத்து ஃபினி ஷுல்சிங்கர், சீமோர் கெட்டி உள்ளிட்டோர் 1979-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தத்துப்போய், பிற்காலத்தில் தற்கொலையால் இறந்தவர்கள் 57 பேர். அவர்களைப் பெற்ற குடும்பத்து ரத்த உறவினர் 269 பேர். அந்த 269 பேரில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அதே வயது, அதே பின்னணியில் தத்துப்போய் அப்படி இறக்காத 57 பேரை ஒப்பிட எடுத்தார்கள். அவர்களுடைய ரத்த உறவினரும் 269 பேர்தான். அதில் இறந்தவர்கள் இரண்டு பேர். வளர்த்த குடும்பங்களில் ஒருவரும் இல்லை.

பார்த்தே இராத பெற்றோரைப் பார்த்து யாரும் பழக முடியாது. எனவே மரபுக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகம் வேண்டாம். இரட்டையர் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அலெக் ராய் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவராவது தற்கொலையால் இறந்த இரட்டையர் ஜோடிகள் 176. ஒரே கருவிலிருந்து பிரிந்த 62 ஜோடிகளில் ஏழில் இருவருமே அப்படி இறந்திருந்தார்கள். இரு கருக்களிலிருந்து வந்த 114 ஜோடிகளில் இரண்டில் மட்டும். இந்த எண்களையும் இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். மரபணு முழுக்க ஒன்றாக இருந்தும் 62 ஜோடிகளில் 55-இல் இன்னொருவர் அப்படி இறக்கவில்லை.

டென்மார்க் ஆய்வில் சட்டென்று கண்ணில் படாத ஒரு விவரம் இருக்கிறது. இறந்த அந்த 12 உறவினர்களில் ஆறு பேர் மனநல சிகிச்சைப் பக்கம் போனதே இல்லை. அவர்களுக்குப் பெரிய மனநோய் இருந்ததாகத் தெரியவில்லை. கெட்டி இதிலிருந்து ஒரு யூகத்துக்கு வந்தார். மரபில் வருவது மனச்சோர்வு மட்டுமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நெருக்கடியில் திடீரென்று எழும் உந்துதலை அடக்க முடியாத தன்மையும் தனியாக வரலாம் என்றார். பிற்காலத்தில் நியூயார்க்கின் மனநல ஆய்வாளர் ஜான் மேன் இதை விரிவாக்கினார். நோய் ஒரு பக்கம், அவசரமும் ஆவேசமும் கொண்ட சுபாவம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒருவரிடம் சேரும்போதுதான் ஆபத்து உயர்கிறது.

பிட்ஸ்பர்கில் டேவிட் பிரென்ட் இதைப் பிள்ளைகளிடம் பின்தொடர்ந்து பார்த்தார். மனநிலைக் கோளாறு உள்ள 334 பெற்றோர், அவர்களுடைய 701 பிள்ளைகள். தற்கொலைக்கு முயன்ற பெற்றோரின் பிள்ளைகள் தாங்களும் முயலும் வாய்ப்பு, நோய் மட்டும் இருந்து முயலாத பெற்றோரின் பிள்ளைகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த வழியில் முன்கூட்டியே தெரிந்த ஒரு படி, பிள்ளையிடம் காணப்பட்ட கட்டுக்கடங்காத ஆத்திரம். லங்காஸ்டரின் நான்கு குடும்பங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே இருந்த வேறுபாடு இதுதான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் நோயும் தற்கொலையும் ஓரளவு தனித்தனிப் பாதைகளில் குடும்பத்துக்குள் வருகின்றன என்பதை இந்த ஆய்வுகள் எல்லாம் சேர்ந்து காட்டுகின்றன. ஆத்திரத்தை அடக்கப் பழக்க முடியும், அதற்குச் சிகிச்சை முறைகள் உண்டு என்பதால் இது வெறும் கோட்பாட்டு விஷயமும் அல்ல.

மரபணு கிடைத்தது, பிறகு தொலைந்தது

மறுபடியும் லங்காஸ்டர். இத்தனை தெளிவான வம்சாவளிகள் கையில் இருந்தால் யாருக்குத்தான் மரபணுவைத் தேடத் தோன்றாது? வம்ச வரைபடத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் இருந்தால் உள்ளே கறுப்பு. இறந்திருந்தால் குறுக்கே ஒரு கோடு. 110 என்று எண்ணிட்ட ஆமிஷ் வம்சாவளியில் 81 பேரின் மாதிரிகளை எடுத்து, கறுப்புக் கட்டங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்து வெள்ளைக் கட்டங்களில் இல்லாத மரபணுத் துண்டு எது என்று தேடினார்கள். 1987 பிப்ரவரியில் நேச்சர் இதழில் அறிவிப்பு வந்தது. 11-ஆவது குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியில், இன்சுலின் மரபணுவுக்கு அருகே, இருமுனை மனநோயோடு சேர்ந்தே பயணிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தொடர்பு உண்டு என்பது, தற்செயல் என்பதைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் சாத்தியமாகத் தெரிந்தது.

அந்தப் பகுதியில் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதிக்கான மரபணுவும் இருக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் தயாராவதற்கு முதல் படி அந்த நொதி. மனநிலையோடு இத்தனை நெருக்கமான ஒன்று அங்கேயே இருந்தால் உற்சாகம் வராமல் இருக்குமா? செய்தித்தாள்கள் மனநோயின் மரபணு கிடைத்துவிட்டது என்று எழுதின. ஆனால் அதே நேச்சர் இதழிலேயே, ஐஸ்லாந்துக் குடும்பங்களிலும் வேறு அமெரிக்கக் குடும்பங்களிலும் தேடியவர்கள் அங்கே ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

இரண்டு வருடம் கழிந்தது. அந்த வம்சாவளியில் நலமாக இருக்கிறார்கள் என்று வெள்ளையாக விட்டிருந்த இருவருக்கு நோய் வந்தது. இரண்டே இரண்டு கட்டங்கள் வெள்ளையிலிருந்து கறுப்பாக மாறின. கணக்கு சரிந்தது. வம்சாவளியை இன்னும் பக்கவாட்டில் விரித்துப் புதிய கிளைகளைச் சேர்த்தபோது அடியோடு போய்விட்டது. 1989 நவம்பரில் அதே நேச்சர் இதழில் ஜான் கெல்சோ தலைமையில் வந்த கட்டுரை, அந்தத் தொடர்பு நிற்கவில்லை என்று அறிவித்தது. அதில் எகலாண்டின் பெயரும் முதல் ஆய்வைச் செய்தவர்கள் பலரின் பெயரும் இருந்தன. தாங்கள் சொன்னதைத் தாங்களே திரும்பப் பார்த்து, தவறென்று எழுதிய அந்தக் கண்ணியத்தை இன்றும் மெச்சுகிறேன். ஆமிஷ் குடும்பங்கள் கொடுத்த ரத்தத்திலிருந்து வளர்த்த செல்களை நியூஜெர்சியின் கேம்டனில் சேமித்து, மற்ற ஆய்வாளர்களும் கேட்டு வாங்கும்படி வைத்திருந்ததும் இந்தத் திருத்தத்துக்கு உதவியது.

இது ஆமிஷ் ஆய்வோடு முடிந்த கதை அல்ல. 2003-இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஒரே காலத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்த குழு, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கடத்துவதற்கான மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்களுக்கு வாழ்க்கை அடிகள் பட்டால் மனச்சோர்வு அதிகம் வருகிறது என்று சயன்ஸ் இதழில் எழுதியது. மரபும் சூழலும் கைகோக்கும் அழகான விளக்கம். பாடப்புத்தகங்களில் ஏறியது. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதைத் தொடர்ந்து வந்தன. 2019-இல் லட்சக்கணக்கானோரின் தரவுகளோடு ரிச்சர்ட் பார்டர் குழு அந்த மரபணுவையும் அதுபோல் பேர்பெற்ற மொத்தம் 18 மரபணுக்களையும் சோதித்தபோது, வேறெந்த மரபணுவையும்விட அவற்றுக்கு மனச்சோர்வோடு அதிகத் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் மரபு எங்கே இருக்கிறது? சிதறிக் கிடக்கிறது. 2025 ஜனவரியில் செல் இதழில் வந்த ஆய்வு, 29 நாடுகளைச் சேர்ந்த 6,88,000-க்கும் அதிகமான மனச்சோர்வு நோயாளிகளின் தரவை, நோய் இல்லாத 40 லட்சத்துக்கும் அதிகமானோரோடு ஒப்பிட்டது. மரபணுத் தொகுதியில் 697 வேறுபாடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு. அவை நம் எல்லோரிடமும் கூடக்குறைய இருக்கின்றன. தற்கொலை முயற்சிக்கென்று 2023-இல் அன்னா டோகர்ட்டி குழு செய்த ஆய்வில் 12 இடங்கள் கிடைத்தன. மனச்சோர்வோடு அவை பெருமளவு பொதுவானவை. ஆனால் முழுவதும் அல்ல. நோயும் தற்கொலையும் முற்றிலும் ஒன்றல்ல என்று லங்காஸ்டரின் வம்ச வரைபடங்கள் காட்டியது, மரபணு அளவிலும் இப்படித் தெரியத் தொடங்கியிருக்கிறது.

ஆகவே, 'தற்கொலை மரபணு' என்று ஒன்று கிடையாது. எச்சிலை அனுப்பினால் மனநோய் ஆபத்தைச் சொல்கிறோம் என்று விற்கும் பரிசோதனைகளில் பணத்தைப் போட வேண்டாம். ஒரு தனி மனிதர் தற்கொலைக்கு முயல்வாரா என்று சொல்லக்கூடிய மரபணுப் பரிசோதனை இன்றைக்கு உலகில் எங்கும் இல்லை.

மனச்சோர்வின் மரபுப் பங்கு 37 சதவீதம் என்று ஒரு கணக்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து பேட்ரிக் சல்லிவன் 2000-இல் சொன்னது. இதைப் படித்துவிட்டு, 'அம்மாவுக்கு இருந்தது, எனக்கு வர 37 சதவீத வாய்ப்பு' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதன் பொருள் அது அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் சிலருக்கு நோய் வருகிறது, சிலருக்கு வருவதில்லை. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் வருகிறது என்பதே அந்த எண். தனி ஆளுக்கு வேண்டிய எண் வேறு: பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்குத் தீவிர மனச்சோர்வு இருந்தால், மற்றவர்களைவிட ஆபத்து இரண்டு முதல் மூன்று மடங்கு.

மரபணு மாறாமல் மரணம் குறைந்த இடம்

மரபு என்றதும் விதி என்று கைவிடுகிறவர்களுக்கு நான் இலங்கையைச் சொல்வேன். 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. அதன்பிறகு அரசு மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தது. 2005-க்குள் விகிதம் பாதியானது. 2015-இல் 1995-ஐவிட ஏறக்குறைய 70 சதவீதம் குறைவு. இந்த இருபது ஆண்டுகளில் சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இருபது ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறாது. போர் நடந்தது, சுனாமி வந்தது, துன்பமும் குறையவில்லை. முயன்றவர்கள் முயன்றுகொண்டுதான் இருந்தார்கள்; ஆனால் பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்திலும் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாட்டு ஆய்வுகளில் உறுதியானது. கெட்டி சொன்ன அந்தத் திடீர் உந்துதல் ஓர் அலைபோல வந்து வடிந்துவிடுவது. வடியும்வரை ஆபத்தானது கைக்கெட்டாமல் இருந்தால் போதும். குடும்பத்தில் ஏற்கெனவே ஓர் இழப்பு இருக்கும் வீடுகள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். வயலுக்கு வாங்கியதை வீட்டில் வைக்காதீர்கள். மாத்திரைகளை மொத்தமாக வாங்கிச் சேர்க்காதீர்கள், சாவி ஒருவரிடம் இருக்கட்டும்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை

ஆமிஷ் மக்களின் வம்ச நூல் போல ஒன்று நம்மிடம் இல்லை. இருப்பதையும் மறைக்கிறோம். வெளிநோயாளர் பிரிவில் 'குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்துச்சா?' என்று கேட்டால் 'அதெல்லாம் இல்லைங்க' என்பதுதான் பதில். 'யாராவது மாசக்கணக்கா வேலைக்குப் போகாம, பேசாம, மூலையில படுத்திருந்தாங்களா?' என்று கேட்டால் சற்று யோசித்து, 'பெரியப்பா ஒருத்தர் அப்படித்தான் இருந்தார்' என்பார்கள். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டால் 'தீராத வயித்து வலி'. தமிழ் நாளிதழ்களில் எத்தனை மரணங்கள் இந்த வயிற்று வலிக்குள் மூடப்பட்டிருக்கின்றன! பெண் கட்ட வருகிறவர்கள் விசாரிப்பார்கள் என்ற பயம், போலீஸ் பயம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. போலீஸ் பயத்துக்கு இன்று அடிப்படை இல்லை. கல்யாணப் பயம் எளிதில் போகாது. அது நியாயமான பயம் அல்ல என்றாலும் பெண்ணைப் பெற்றவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் டாக்டரிடமாவது உண்மையைச் சொல்லலாம். அந்த அறையை விட்டு அது வெளியே போகாது.

ஏன் சொல்ல வேண்டும்? மனச்சோர்வு என்று வரும் ஒருவருக்குக் குடும்பத்தில் இருமுனை மனநோய் இருந்தால், வெறும் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுக்கும்போது மனம் எதிர்ப்பக்கம் துள்ளிவிடும் அபாயம் உண்டு. டாக்டர் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும். குடும்பத்தில் தற்கொலை நடந்திருந்தால், அடுத்த முறை எப்போது வரச் சொல்வது, யார் கூட இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாறும். இறந்தவர் கோபக்காரரா, குடித்தாரா, எந்த வயதில் நோய் தொடங்கியது, பிரசவத்துக்குப் பிறகா என்பதும் உதவும். பிள்ளைகளிடமும் வயதுக்கேற்றபடி சொல்லிவிடுவது நல்லது. ஊரில் யாரோ ஒருவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அம்மா வாயால் தெரிந்துகொள்வது மேல். 'அப்பாவுக்கு இப்படி ஒரு நோய் இருந்தது, சரியான மருத்துவம் கிடைக்கவில்லை, உனக்குத் தூக்கம் கெட்டாலோ மனசு இருண்டாலோ உடனே என்னிடம் சொல்' என்ற அளவில் போதும்.

இதைப் படிக்கும்போதே மனசு அந்தப் பக்கம் இழுக்கிறவர்கள், இந்தியாவில் 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். இலங்கையில் 1926. சென்னையில் 1986 முதல் சினேகா அமைப்பு இதற்காகவே இயங்குகிறது.

ரத்த உறவில் ஒருவருக்கு எந்த மருந்து கேட்டது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் என்ற மருந்து கேட்கும் தன்மை சில குடும்பங்களில் வழிவழியாக வருவதைப் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு அந்த மாத்திரையால் இருபது வருடம் நிம்மதியாகப் போயிருந்தால், அவருடைய பழைய மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.